சோபாவின் அடிவயிறு

எங்கள் வீட்டு சோபாவில் அம்மா உட்காருவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதில்தான் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். கேட்டால், "அதுல உக்காந்தா எந்திரிக்க முடியல கண்ணு, குழிக்குள்ள போற மாதிரி இருக்குது" என்கிறார். நாலு வருடம்கூட ஆகாத சோபா. தலை படும் இடத்தில் ரெக்ஸின் செதில் செதிலாக உரிகிறது. நடு இருக்கையில் கையை அழுத்தினால் கட்டை தட்டுகிறது. வாங்கியபோது நிறத்தைப் பார்த்தோம், உட்கார்ந்து ஒரு முறை ஆடிப் பார்த்தோம், பணம் கொடுத்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இந்த முறை பார்த்துவிட்டுத்தான் வாங்குவது என்று ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ராசிபுரத்தில் பஸ் ஏறினேன். பையில் ஒரு அளவு டேப், ஒரு டார்ச், ஒரு நோட்டு. கிளம்புவதற்கு முந்தின இரவே ஆசாரத்தை அளந்து வைத்திருந்தேன். 14 அடிக்கு 11 அடி. வாசல் கதவு 3 அடி 2 அங்குலம். பழைய செய்தித்தாள்களைத் தரையில் ஒட்டவைத்து, தம்பி ஆசைப்படும் எல் வடிவ சோபாவின் அளவுக்கு, அதாவது 9 அடிக்கு ஆறரை அடி, பரப்பிப் பார்த்தோம். சமையலறைக் கதவு பாதிதான் திறந்தது. தண்ணீர்க் குடத்தோடு அம்மா நடக்கும் வழி காகிதத்துக்கு அடியில் போய்விட்டது. அந்த ஆசை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனாலும் கடையில் போய்ப் பார்த்தால்தான் ஆறும் என்றான் தம்பி.

ஆண்டகளூர் கேட், மல்லூர், சீலநாயக்கன்பட்டி என்று பஸ் சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு வந்து சேரும்போது மணி பத்தரை. அங்கிருந்து ஐந்து ரோட்டுக்கு நடந்தே போய்விடலாம். 2020இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தின் நிழல் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஆடிக் காற்றில் தள்ளுபடி பேனர்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்ததால் ஆட்டோக்காரர்களுக்குப் பேசவே நேரம் இல்லை.

முதலில் நுழைந்தது மூன்று மாடி ஷோரூம். கதவைத் திறந்ததும் ஏசிக் குளிரும் புது ரெக்ஸின் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. முதல் தளத்தில் மட்டும் எண்ணிப் பார்த்தேன், 34 சோபாக்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு அட்டை. எல் வடிவம் ஒன்றில் 42,000 என்று எழுதி அடித்துவிட்டு, கீழே 27,500 என்று சிவப்பில் எழுதியிருந்தது. சாம்பல் நிறத் துணி. கை வைத்தால் வெல்வெட் போல ஒரு வழுவழுப்பு. எனக்கும் பிடித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

உடன் வந்த விற்பனைப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். "நாப்பது டென்சிட்டி ஃபோம் மேடம். பத்து வருசத்துக்குக் கவலையே இல்ல."

மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். கால் நீட்ட இடம் இல்லை, பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முழங்கால் இடிக்கும். எல் வடிவத்தில் ஆறு பேர் உட்காரலாம் என்றார் அந்தப் பெண். மூலையைக் கழித்தால் ஐந்து பேர்தான். இருக்கையின் உயரம் டேப்பில் 15 அங்குலம், ஆழம் 25 அங்குலம். முதுகு சாய்ந்தால் என் கால் தரையைவிட்டு எழும்புகிறது. தரையில் கால் ஊன்றினால் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் வெறுமை. வீட்டில் அம்மா உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை அளந்திருந்தேன். உயரம் பதினேழரை, ஆழம் 17. குழிக்குள் போகிற மாதிரி என்று அம்மா சொன்னதன் கணக்கு அங்கே புரிந்தது. மூட்டு வலிக்காரர் எழுந்திருக்க வேண்டுமானால் முழங்காலைவிட இடுப்பு தாழ்ந்து போகக் கூடாது.

"இதைக் கொஞ்சம் கவுத்துக் காட்ட முடியுமாம்மா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. தலைகீழாக என்று கையால் சைகை காட்டினேன். மேலாளரைக் கேட்டுவிட்டு வந்து, இரண்டு பையன்களை அழைத்துப் புரட்டினார்கள். அடியில் கறுப்புத் துணி, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு பின் விலகி இருந்தது, அந்த இடைவெளியில் டார்ச் அடித்தேன். வெளுத்த, முடிச்சு முடிச்சான மரச்சட்டம் ஒன்று தெரிந்தது. "என்ன மரம்?" என்றேன். "நல்ல கன்ட்ரி உட் மேடம்" என்றார் மேலாளர். கன்ட்ரி உட் என்று ஒரு மரம் எந்தக் காட்டிலும் வளர்வதில்லை.

அத்தனை சோபாவுக்கு நடுவில் அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. உங்களுக்கு இருக்கை எங்கேம்மா என்று கேட்டேன். தூணுக்குப் பின்னால் இருந்த ஒரு முக்காலியைக் காட்டினார். அதன் மேல் பில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். புதிதாக விற்பவரிடம் கேட்பதைவிடப் பழையதைப் பிரிப்பவரிடம் போனால் உண்மை தெரியும் என்று பட்டது. கொலுசுப் பட்டறைகளின் டொக் டொக் சத்தம் கேட்கும் ஒரு சந்தில், பத்தடி அகலக் குஷன் கடை. வாசலில் தோல் உரித்த ஆட்டைப் போல ஒரு மூன்று இருக்கை சோபா கிடந்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் தரையில் குந்தி, திருப்புளியால் பின்களை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பின்கள் ஒரு டப்பா நிறைய.

"வாங்கக்கா. எந்த சோபா, என்ன ஆச்சு?"

வேலைக்கு வரவில்லை, பார்க்க வந்தேன் என்றதும் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ஸ்டூலைத் தள்ளினார். "பாருங்க, காசா பணமா."

அந்த ஒன்றரை மணி நேரத்தில் பார்த்ததை எந்த ஷோரூமிலும் பார்த்திருக்க முடியாது. கறுப்புத் துணி விலகியதும் கீழே கொட்டியவை: ஒரு சீப்பு, இரண்டு ரூபாய் நாணயங்கள், கடலைத் தோல், எலி கடித்துக் குதறிய ஃபோம் துண்டுகள். அடித்துணி தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் எலிக்கு அதுதான் வீடு என்றார். துடைப்பம் நுழையாத இடத்தில் எலி நுழையும். கால் ஐந்து அங்குலமாவது வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம். கட்டை தரையோடு ஒட்டிக் கிடந்தால் ஈரம் ஏறும், கரையானும் ஏறும்.

அடுத்தது பெல்ட். இருக்கையைத் தாங்க நாலு விரல் அகல எலாஸ்டிக் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடித்திருக்க வேண்டும். இந்த சோபாவில் குறுக்கே மட்டும் ஐந்து பட்டை, நெடுக்கே ஒன்றுகூட இல்லை. அதில் இரண்டு அறுந்து தொங்கின. நல்ல வேலையாக இருந்தால் பட்டையும் பட்டையும் பாய் முடைந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும், நடுவில் இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் இருக்காது. பக்கத்தில் பிரித்துக் கிடந்த இன்னொரு பழைய சோபாவில் வளைந்து வளைந்து போகும் கம்பி ஸ்பிரிங் இருந்தது. இருபது வருடம் ஆனதாம். துரு இருந்தது, தொய்வு இல்லை.

பிறகு மரம். சட்டத்தின் ஒரு துண்டில் சூடு போட்டது போல ஒரு முத்திரை இருந்தது. கதிர் போன்ற ஒரு படம், பக்கத்தில் ஹெச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள். அது எனக்குத் தெரிந்த முத்திரைதான். நாடு விட்டு நாடு போகும் சரக்குப் பெட்டி மரத்தில் பூச்சி போகக் கூடாது என்பதற்காக, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிவிட்டு அடிக்கும் உலக முத்திரை. ஏதோ ஒரு நாட்டிலிருந்து இயந்திரம் வந்த பெட்டி இங்கே உடைந்து, ஒரு குடும்பத்தின் சோபாவுக்கு எலும்பாகியிருக்கிறது. வெளியே தெரியும் நாலு கால் மட்டும் பாலிஷ் போட்ட நல்ல மரம்.

"பெட்டி மரம் தப்பில்லக்கா. பெட்டி மரம்னு சொல்லி அந்த வெலைக்கு வித்தா தப்பில்ல" என்றார் அவர். சரியான பேச்சு.

ஒடிந்திருந்தது எங்கே என்று பார்த்தேன். கை சேரும் மூலையில். அங்கே கழுந்தும் துளையும் இல்லை, இரண்டு ஆணி மட்டும். நம் வீடுகளில் விசேஷம் என்றால் சோபாவின் கைமேலும் ஒருவர் உட்காருவார், குழந்தைகள் குதிரை ஏறுவார்கள். கையைப் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் வாங்கினால் முதலில் போவது அதுதான்.

ஃபோம் விஷயத்துக்கு வந்தோம். நாப்பது டென்சிட்டி என்றால் என்ன என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், அடிக்கு அடி, நாலு அங்குலக் கனத்தில் இரண்டு துண்டு வெட்டி, எதிரே இருந்த காய்கறிக் கடைத் தராசுக்கு என்னைக் கூட்டிப்போனார். ஒன்று 380 கிராம் காட்டியது. மற்றது 170. கையால் அழுத்தினால் இரண்டும் புதிதில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தன. டென்சிட்டி என்பது எடைக் கணக்கு. ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருந்தால் அது நாற்பது. இந்தக் கணக்கில் முதல் துண்டு நாற்பது, இரண்டாவது பதினெட்டு. பதினெட்டை முதுகுக்கு வைக்கலாம், உட்காரும் இடத்தில் வைத்தால் ஒரு வருடத்தில் அப்பளமாகிவிடும். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் பாலியூரித்தேன் ரசாயனத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்த இந்தப் பொருளில் அடைத்திருப்பதில் பெரும்பகுதி காற்றுதான். காசு கொடுத்துக் காற்று எவ்வளவு வாங்குகிறோம் என்பதைத் தராசு சொல்லிவிடுகிறது. எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கழிவுத் துண்டுகளை ஒட்டி அழுத்திய ரீபாண்ட் கல் மாதிரி கனக்கும். அதைப் பல நிறப் புள்ளிகளை வைத்தே அடையாளம் காணலாம்.

பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். பக்கத்துத் தெருவில் 350 ரூபாய்க்கு ஒரு கொக்கித் தராசு வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஐந்து ரோட்டுக்கே போனேன்.

அதே பெண். அதே சாம்பல் சோபா. இருக்கையின் பின்பக்க ஜிப்பைத் திறக்கலாமா என்று கேட்டதும் அவரே திறந்தார். வெள்ளை ஃபோம், 22 அங்குலச் சதுரம், கனம் 5 அங்குலம். நாற்பது டென்சிட்டியாக இருந்தால் இந்த அளவுக்கு 1 கிலோ 600 கிராம் அளவில் இருக்க வேண்டும். முப்பத்திரண்டு என்றால்கூட 1 கிலோ 270. கொக்கியில் மாட்டித் தூக்கினோம். 860 கிராம். இருபத்திரண்டுகூட எட்டவில்லை. மறுமுறையும் அதே எடை.

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. "எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அப்படித்தான் மேடம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரும் தூக்கிக் காட்டியதில்லை. தேக்கு என்று எழுதி 68,000 போட்டிருந்த செட்டையும் அன்றைக்கே புரட்டிப் பார்த்தேன். பாலிஷ் எட்டாத அடிப்பக்கத்தில் மரம் தன் நிறத்தில்தான் இருக்கும். முன் கால், கை, முதுகுச் சட்டம் எல்லாம் பொன்பழுப்பாக, எண்ணெய்ப் பசையோடு தேக்குதான். உள் குறுக்குச் சட்டம் மூன்றும் வேறு மரம், அதில் ஒன்றில் குண்டூசித் துளைகளும் மாவு போன்ற தூளும். வண்டு வேலையை ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோபா என்ற சொல்லுக்கு மூலம் அரபி. சுவரோரம் உயர்த்திக் கட்டி விரிப்பு போட்ட மேடையைத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்கள். அது நம் திண்ணை. திண்ணையில் எல்லோருக்கும் கால் தரையில் படும், எழுந்திருக்கக் கை தேவையில்லை, வேர்வையும் ஒட்டாது. சித்திரை வெயில் நாற்பதைத் தொடும் இந்தச் சமவெளியில் ரெக்ஸினில் உட்கார்ந்தவர் எழும்போது சட்டையும் சேர்ந்து பிய்ந்து வருகிறது. அதனால்தான் பாதி வீடுகளில் சோபாவின் மேல் ஒரு துண்டு கிடக்கிறது. துண்டு தலைப்பக்கமும் கிடக்கும், தேங்காயெண்ணெய்க் கறைக்காக. அந்த எண்ணெயும் வேர்வையும்தான் ரெக்ஸினை உரிக்கின்றன. அதோடு, நாங்கள் சோபாவின் மேல் உட்காரும் நேரத்தைவிட, தரையில் உட்கார்ந்து அதில் முதுகு சாயும் நேரம் அதிகம். முருங்கைக்கீரை உருவுவதும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும் அப்படித்தான். முன் விளிம்பில் கட்டை துருத்தாமல் இருக்க வேண்டும் என்பதை எந்தக் கடையும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நாமக்கல் போனேன். லாரிக்கு பாடி கட்டும் ஊரில் லாரிக்கு சீட்டும் தைப்பார்கள், சீட் தைப்பவர்கள் சோபாவும் செய்வார்கள் என்று செவ்வாய்ப்பேட்டைக்காரர்தான் சொல்லியிருந்தார். முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தோம். கோட்டை மலை கண்ணில் பட்டதும் அம்மா ஆஞ்சநேயர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

பட்டறைக்கு வெளியே பாடி இல்லாத மூன்று லாரிகள் எலும்பாக நின்றன. வெல்டிங் பொறி, பெயின்ட் நெடி, சுத்தியல் சத்தம். அதை ஒட்டி நீளமான தகரக் கொட்டகைதான் சீட் வேலை நடக்கும் இடம். சுவர் நிறைய ரெக்ஸின் சுருள்கள். மீட்டர் 280இலிருந்து 650 வரை என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. ரெக்ஸின் என்பதே ஒரு காலத்தில் மான்செஸ்டர் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் பெயர். இங்கே அது பொருளுக்கே பெயராகிவிட்டது. மறுபக்கம் மரவேலை. அறுபது வயதைத் தாண்டிய ஆசாரி ஒருவர் வேப்பஞ்சட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கசப்பான மணம் மூக்கில் ஏறியது.

"ஏனுங்கண்ணா, தேக்கு இல்லாம வேம்பு போதுமா?" என்றேன்.

"வைரம் பாஞ்ச வேம்பு கரையானுக்குக் கசக்கும் அம்மிணி. வெள்ளை மட்டும் விடாம எடுத்துரணும். காயணும். காயாத மரத்துல செஞ்சா ஆறு மாசத்துல கழுந்து லூசாகும்." சொன்னதோடு விடாமல் காய்ந்த துண்டையும் பச்சைத் துண்டையும் என் கையில் கொடுத்தார். எடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. தட்டினால் ஒன்று கணீர் என்றது, மற்றது மொத்து மொத்து என்றது.

டிரைவர் சீட் ஒன்றின் குறுக்குவெட்டைப் பார்த்தேன். அடியில் இரண்டு அங்குலம் புள்ளிபுள்ளியான ரீபாண்ட், அதன் மேல் மூன்று அங்குலம் நாற்பது டென்சிட்டி, மேலே ஒரு அங்குலம் மெத்தென்ற ஃபோம். நாமக்கல்லிலிருந்து வடக்கே நாட்கணக்கில் ஓட்டிப் போகிறவர்களின் இடுப்புக்காகச் செய்த அடுக்கு இது. கொக்கித் தராசை வெளியே எடுத்தேன். சீட் தைப்பவர் சிரித்தார், பிறகு தானே ஒரு துண்டை வெட்டி மாட்டினார். அடிக்கு அடி, நாலு அங்குலம், 375 கிராம். சரி.

மூன்று இருக்கை ஒன்று, ஒற்றை இருக்கை இரண்டு. வேப்பஞ்சட்டம், பாய் முடைந்த பெல்ட், உட்காரும் இடத்தில் கழற்றித் துவைக்கக்கூடிய கரூர்ப் பருத்தித் துணி, தலைப்பக்கத்துக்கு மட்டும் தனி உறை. 41,000 சொன்னார்கள், 38,500க்கு ஒத்துக்கொண்டார்கள், ராசிபுரத்துக்கு வண்டி வாடகை 1,200 தனி. ஷோரூம் சோபாவைவிட 11,000 ரூபாய் கூடுதல். மூன்று இருக்கையின் நீளத்தை ஆறே கால் அடி என்று நான் வற்புறுத்தினேன். எதிரே நடக்க இரண்டரை அடி வழி விட்டால் எங்கள் ஆசாரத்துக்கு அதற்கு மேல் ஆகாது.

உயரம்தான் பாக்கி. ஆசாரி பாதி முடிந்த சட்டத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ஃபோம் அடுக்கை வைத்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். அம்மா தயங்கி உட்கார்ந்தார். எழும்போது கையை ஊன்றினார். ஆசாரி பலகைக்குக் கீழே அரை அங்குலக் கட்டை ஒன்றைச் செருகினார். மறுபடியும் ஊன்றினார். இன்னொரு கட்டை. மூன்றாவது முறை அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்தபடியே எழுந்து நின்றார். நின்றவர் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடியும் உட்கார்ந்து எழுந்தார்.

ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, காலில் கோடு இழுத்து, பக்கத்தில் பதினேழே முக்கால் என்று எழுதினார்.